இரண்டு வருட கிரீன் கார்டு: நிபந்தனையை நீக்குவது எப்படி?

டெக்சாஸில் இருக்கும் என் சித்தி மகள் ஒரு சனிக்கிழமை காலை அழைத்தாள். “அக்கா, என் கிரீன் கார்டு அக்டோபர்ல முடியுது. ஐ-90 போட்டா புதுக் கார்டு அனுப்பிடுவாங்கன்னு இவரோட ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றார். இன்னைக்கே போட்டுடட்டுமா?”

நல்ல வேளை, போடுவதற்கு முன்பே கேட்டாள். ஐ-90 என்பது பத்து வருடக் கார்டைப் புதுப்பிக்கவோ, தொலைந்த கார்டுக்கு மாற்று வாங்கவோ போடும் படிவம். அவள் கையில் இருந்தது கல்யாணத்தின் மூலம் கிடைத்த இரண்டு வருடக் கார்டு. அதைப் புதுப்பிக்க வழியில்லை. அதோடு ஒட்டியிருக்கும் நிபந்தனையை நீக்கச் சொல்லி வேறொரு மனுப் போட வேண்டும். அந்த மனுவின் பெயர் ஐ-751. அதைப் போடாமல் விட்டால் கார்டு காலாவதியாவதோடு போகாது, நிரந்தர வசிப்புரிமையே போய்விடும். நாடுகடத்தல் வழக்குக்கான நோட்டீஸ் வரக்கூடும். ஒரு படிவத்தை இன்னொன்று என்று நினைத்ததால் இவ்வளவு வரலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நிபந்தனை எங்கிருந்து வந்தது

1986 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. கிரீன் கார்டுக்காகவே பொய்யாகக் கல்யாணம் செய்துகொள்வதைத் தடுப்பது அதன் நோக்கம். புதுமணத் தம்பதிக்கு உடனே முழு நிரந்தர வசிப்புரிமை தராமல், முதலில் இரண்டு வருடம் கொடுத்துப் பார்ப்போம் என்று அந்தச் சட்டம் சொன்னது. இரண்டு வருடம் முடியும் நேரத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து, இது உண்மையான கல்யாணம்தான் என்று காட்ட வேண்டும். காட்டினால் நிபந்தனை நீங்கும், பத்து வருடக் கார்டு வரும்.

எல்லாருக்கும் இந்த நிபந்தனை கிடையாது. நீங்கள் நிரந்தர வசிப்பாளர் ஆகும் அந்த நாளில் உங்கள் திருமணத்துக்கு இரண்டு வயது நிறையவில்லை என்றால் மட்டுமே உண்டு. “அந்த நாள்” எது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ குடியேற்ற விசாவில் வருபவர்களுக்கு அது அமெரிக்க விமான நிலையத்தில் அனுமதிக்கப்படும் நாள். விசா கொடுத்த நாள் அல்ல. ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்துகொண்டு விண்ணப்பித்தவர்களுக்கு அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாள்.

இதில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 28 அன்று கல்யாணம். 2024 ஜூலையில் விசா கைக்கு வருகிறது, அதில் சிஆர்1, அதாவது நிபந்தனையுள்ள மணத்துணை வகை, என்று அச்சாகியிருக்கிறது. ஜூலையிலேயே விமானம் ஏறினால் இரண்டு வருடக் கார்டுதான். செப்டம்பர் முதல் வாரம் இறங்கினால் கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டிவிட்டது, நிபந்தனையே இருக்கக் கூடாது. அப்போது குடியேற்ற அதிகாரியிடம் திருமணச் சான்றிதழைக் காட்டி, ஐஆர்1 என்று மாற்றிப் பதியச் சொல்லலாம். அந்த இரண்டு நிமிடப் பேச்சு, பின்னால் ஒரு முழு மனுவையும் அதன் செலவையும் மிச்சப்படுத்தும். விசா காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் முக்கியம்.

உங்கள் கார்டில் வகை என்ற இடத்தில் சிஆர்1, சிஆர்6 போன்ற குறியீடு இருந்து, காலாவதித் தேதி இரண்டே வருடம் தள்ளி இருந்தால் நீங்கள் நிபந்தனை வசிப்பாளர். கே-1 வருங்கால மணத்துணை விசாவில் வந்து 90 நாளுக்குள் கல்யாணம் செய்தவர்கள் பெரும்பாலும் நிபந்தனை வசிப்பாளர்கள்தான். வேலை பார்ப்பது, வெளிநாடு போய் வருவது, பிற்பாடு குடியுரிமைக்கு நாள் எண்ணுவது எல்லாவற்றிலும் பத்து வருடக் கார்டுக்காரருக்கு உள்ள அதே உரிமை இவர்களுக்கும் உண்டு. “அரை கிரீன் கார்டு” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

90 நாள் ஜன்னல்

கணவனும் மனைவியும் சேர்ந்து போடும் மனு, கார்டு முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், குடியேற்ற மனுக்களைப் பார்க்கும் அரசுத் துறையான யூஎஸ்சிஐஎஸ் கையில் போய்ச் சேர வேண்டும். தங்கையின் கார்டு அக்டோபர் 20 அன்று முடிகிறது. அதிலிருந்து 90 நாள் பின்னால் எண்ணினால் ஜூலை 22. அவளுக்கு ஜன்னல் ஜூலை 22 திறந்து அக்டோபர் 20 மூடும். ஜூலை 15 போய்ச் சேர்ந்தால் மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூன்று மாதம் என்று மாதக் கணக்குப் போடாமல் நாட்களை எண்ணுங்கள். ஜன்னல் திறந்து ஒரு வாரம் கழித்து அனுப்புவது என் பழக்கம். கையெழுத்து விட்டுப்போய்த் திரும்பி வந்தாலும் மறுபடி அனுப்ப நேரம் இருக்கும்.

தேதி தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிட வேண்டாம். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்து, அதை எழுதி ஆதாரத்தோடு சேர்த்தால் ஏற்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. மருத்துவமனையில் இருந்தது, வீட்டில் ஒரு சாவு நேர்ந்தது போன்றவை காரணமாகலாம். மறந்துவிட்டேன் என்பதை ஏற்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் 750 டாலர். கைரேகைக்குத் தனியாக வாங்குவதில்லை. வருமானம் குறைந்தவர்கள் ஐ-912 படிவம் வைத்துக் கட்டண விலக்குக் கேட்கலாம். கட்டணமும் படிவத்தின் பதிப்பும் அவ்வப்போது மாறும். அதனால் நண்பர் கொடுத்த பழைய பிடிஎஃப்பை நிரப்பாமல், அனுப்பும் வாரத்தில் யூஎஸ்சிஐஎஸ் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். எந்த முகவரி, எப்படிப் பணம் கட்டுவது என்பதையும் அங்கேயே பாருங்கள். அப்புறம், இருவரின் கையெழுத்தும் வேண்டும்.

அப்பா அல்லது அம்மா கல்யாணம் செய்ததால் கூடவே கிரீன் கார்டு பெற்ற பிள்ளைகளுக்கும் இதே நிபந்தனை உண்டு. பெற்றவர் வசிப்பாளர் ஆன அதே நாளிலோ அதற்குப் பின் 90 நாளுக்குள்ளோ பிள்ளையும் ஆகியிருந்தால் ஒரே மனுவில் சேர்க்கலாம். அதற்குப் பிறகு வந்த பிள்ளைக்குத் தனி மனு.

அவர்கள் கேட்பது கல்யாண ஆல்பத்தை அல்ல

தங்கை முதலில் ஸ்கேன் செய்து அனுப்பியது என்ன தெரியுமா? மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், ரிசப்ஷன் என்று நூற்றுப் பத்துப் படங்கள், கூடவே மஞ்சள் தடவிய பத்திரிகை. அழகான கல்யாணம்தான், நானே பந்தி பரிமாறியிருக்கிறேன். ஆனால் அத்தனையும் இரண்டு நாளின் கதை. விசாவுக்கு விண்ணப்பித்தபோதே அதைப் பார்த்துவிட்டார்கள். ஐ-751 கேட்பது அந்த நாளுக்குப் பிறகு நீங்கள் வாழ்ந்த வாழ்க்கையை. ஒரே கூரை, ஒரே பர்ஸ், ஒருவர் பொறுப்பை ஒருவர் ஏற்பது. திருமண நாளிலிருந்து மனுப் போடும் நாள் வரை அது தொடர்ந்து நடந்தது தெரிய வேண்டும்.

நம் வீடுகளில் இங்கேதான் சிக்கல். வாழ்க்கை இருக்கும், காகிதம் இருக்காது. பெண் வந்து இறங்குவதற்கு முன்பே மாப்பிள்ளை அபார்ட்மென்ட் எடுத்திருப்பார், லீஸ் அவர் பெயரில். கரண்ட் பில், இன்டர்நெட், கார், எல்லாம் அவர் பெயரில். “நான்தானே பார்த்துக்கறேன், உனக்கெதுக்கு” என்ற அன்பில் இரண்டு வருடம் ஓடிவிடும். சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்து வீடியோவில் காட்டினாள் தங்கை. ஒரு கட்டுப் பில்கள். அவள் பெயர் இருந்தது மூன்றே மூன்றில். ஒன்று பல் மருத்துவர் பில்.

நாங்கள் ஒவ்வொன்றாகத் தோண்டினோம். வருமான வரியை இருவரும் கூட்டாகத் தாக்கல் செய்திருந்தார்கள். அது மிகப் பலமான ஆதாரம். வரித் துறையான ஐஆர்எஸ் தளத்தில் அதன் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது பதிவு நகலை, இலவசமாகவே எடுக்கலாம். (கல்யாணமான பிறகும் தனி ஆள் என்று வரி தாக்கல் செய்தவர்கள் இருக்கிறார்கள். அது வரிச் சட்டப்படியே தவறு, இங்கேயும் உதைக்கும். முதலில் அதைத் திருத்துங்கள்.) மருத்துவ இன்ஷூரன்ஸ் கார்டில் இருவர் பெயரும் இருந்தது. கார் இன்ஷூரன்ஸில் அவள் ஓட்டுநராகச் சேர்க்கப்பட்டிருந்தாள். காஸ்ட்கோ கடையின் மெம்பர்ஷிப்பில் குடும்ப அட்டை இருந்தது. அது சின்னத் துண்டுதான், ஆனால் முகவரியோடு சேர்ந்து ஒரு கதை சொல்லும். டாக்டர் வீட்டுப் படிவத்தில் அவசரத் தொடர்பு என்ற இடத்தில் கணவர் பெயர்.

ஜாயின்ட் அக்கவுண்ட் இருந்தது. திறந்த நாளில் போட்ட 100 டாலர் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி பார்ப்பது கணக்கு இருக்கிறதா என்பதை அல்ல, அதில் குடும்பம் நடக்கிறதா என்பதை. சம்பளம் அதில் விழ வேண்டும், வாடகையும் மளிகையும் அதிலிருந்து போக வேண்டும். இதைக் கடைசி மாதத்தில் செய்தால் கடைசி மாதத்தில் செய்தது போலவே இருக்கும். இன்று கல்யாணமாகி வந்திருப்பவர்கள் இதைப் படித்தால், இந்த வாரமே கணவரோடு வங்கிக்குப் போய் வாருங்கள், அபார்ட்மென்ட் அலுவலகத்தில் சொல்லி லீஸில் உங்கள் பெயரைச் சேருங்கள்.

இன்னொன்று எனக்கு மனதைத் தொட்டது. கம்பெனி கொடுத்த ஆயுள் காப்பீட்டில் நாமினி யார் என்று கேட்டேன். மாப்பிள்ளை பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மா பெயர். பேச்சிலராக வேலைக்குச் சேர்ந்தபோது போட்டது. அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் மனைவி பெயரைச் சேர்க்க அவருக்கு ஒருபோதும் தோன்றவில்லை. இருவர் பெயரையும் சம பங்காகப் போட்டார். மனுவுக்காக மட்டுமல்ல, வாழ்க்கைக்காகவும் அது சரியான காரியம்.

குழந்தை பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழ் சேருங்கள். சேர்ந்து போன பயணங்களின் டிக்கெட், சேர்ந்து வாங்கிய வீட்டுக் கடன், ஒருவரையொருவர் குறிப்பிடும் உயில் எல்லாம் பலம். படங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருபது போதும். வெவ்வேறு மாதங்கள், வெவ்வேறு ஊர்கள், இரு பக்கக் குடும்பமும் நண்பர்களும் இருப்பவையாகத் தேர்ந்தெடுத்து, பின்னால் தேதியும் இடமும் எழுதுங்கள். கார்டு வந்த நாளிலிருந்து இருவரையும் அறிந்த குறைந்தது இரண்டு பேரின் உறுதிமொழிக் கடிதமும் சேர்க்கலாம். ஊரிலிருந்து மாமா எழுதும் “இவர்கள் உத்தமமான தம்பதி” என்ற கடிதத்தைவிட, “ஞாயிற்றுக்கிழமை தோறும் இவர்கள் வீட்டில் சாப்பிடுவேன், ஜனவரியில் கணவருக்குக் காய்ச்சல் வந்தபோது மனைவிதான் காரை ஓட்டி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்” என்று பக்கத்து அபார்ட்மென்ட்காரர் எழுதுவது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் கடிதங்கள் துணைதான். ஆவணங்களுக்குப் பதிலாக நிற்காது.

தமிழில் உள்ள எந்தத் தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர், தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

பெயர் விஷயத்திலும் நமக்கென்று ஒரு தொல்லை உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில், வங்கியில் இனிஷியல், இன்ஷூரன்ஸில் கணவர் பெயர் பின்னால். பார்ப்பவருக்கு மூன்று பெண்கள் போலத் தெரியும். படிவத்தில் வேறு பெயர்கள் கேட்கும் இடத்தில் எல்லா வடிவத்தையும் எழுதிவிடுங்கள். மேலே வைக்கும் கடிதத்தில் ஒரு பத்தி விளக்கமும் கொடுங்கள்.

வேலைக்காக அவர் சியாட்டிலிலும் நீங்கள் வேறு ஊரிலும் இருந்தால், அல்லது தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் இருந்தால், மறைக்காதீர்கள். பிரிந்திருப்பது குற்றமில்லை. ஏன் பிரிந்திருந்தீர்கள், எப்படித் தொடர்பில் இருந்தீர்கள் என்று நேராக எழுதி டிக்கெட்டுகளை வையுங்கள். வெளிநாட்டில் ஆறு மாதம் தாண்டினால் பின்னால் குடியுரிமைக் கணக்கில் கேள்வி வரும். ஒரு வருடம் தாண்டுமென்றால் கிளம்பும் முன்பே மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும்.

கையெழுத்து போட மாட்டேன் என்றால்

இந்தப் பகுதியை யாராவது ஒரு பெண் தனியாக உட்கார்ந்து படிப்பாள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். “நான் கையெழுத்து போடலைன்னா நீ ஊருக்குத்தான் போகணும்” என்று மிரட்டும் கணவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையில்லை. துணையின் கையெழுத்து இல்லாமல் தனியாக மனுப் போட சட்டமே வழி வைத்திருக்கிறது.

நான்கு காரணங்கள் உண்டு. கல்யாணம் நல்ல எண்ணத்தோடுதான் நடந்தது, ஆனால் விவாகரத்தில் முடிந்தது. துணை இறந்துபோனார். கல்யாணத்தின்போது உங்களையோ உங்கள் பிள்ளையையோ அடித்தார் அல்லது மிகக் கொடுமைப்படுத்தினார். நாட்டை விட்டு அனுப்பினால் உங்களுக்கு அளவுகடந்த கஷ்டம் நேரும். இவற்றில் எதற்கும் 90 நாள் ஜன்னல் கிடையாது. நிபந்தனை வசிப்பாளர் ஆன பிறகு எப்போது வேண்டுமானாலும் போடலாம். கொடுமைக்கான விலக்கு 1986 சட்டத்தில் இல்லை. கார்டுக்காக அடி வாங்கிக்கொண்டு வாழ்ந்த பெண்களின் நிலை தெரிந்த பிறகு 1990இல்தான் சேர்த்தார்கள்.

கொடுமைக் காரணத்தில் போட விவாகரத்து ஆகியிருக்க வேண்டியதில்லை. அடி என்றால் காயம் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது, போனைப் பறிப்பது, யாரோடும் பேசவிடாமல் பூட்டி வைப்பது, ஓயாமல் மிரட்டுவது என்று தொடர்ந்து நடந்த மனக்கொடுமையையும் சொல்லலாம். போலீஸ் ரிப்போர்ட், நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு, டாக்டர் குறிப்பு, ஆலோசகர் கடிதம், தோழிக்கு அனுப்பிய மெசேஜ், உங்கள் சொந்த வாக்குமூலம் எல்லாம் ஆதாரம். நீங்கள் சொல்வதைக் கணவரிடம் அதிகாரிகள் வெளியிடாமல் இருக்கச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. ஆபத்து என்றால் அவசர உதவி எண் 911. பேச ஆள் வேண்டும் என்றால் தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, இரவு பகல் எந்நேரமும்.

விவாகரத்துக் காரணத்தில் போடுபவர்கள் இறுதித் தீர்ப்பைக் காட்ட வேண்டும். பிரிந்து வாழ்கிறோம், வழக்கு நடக்கிறது என்பது மட்டும் போதாது. சேர்ந்து மனுப் போட்ட பிறகு உறவு முறிந்தாலும், விவாகரத்துத் தீர்ப்பை அனுப்பி அதே மனுவைத் தனி மனுவாக மாற்றக் கேட்கலாம். இந்தக் காரணங்களில் எதுவானாலும், அல்லது கைது, பழைய மனு நிராகரிப்பு போன்ற எதுவும் இருந்தாலும், குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்கறிஞர் அல்லாத “கன்சல்டன்ட்” யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

பொய்க் கல்யாணம் பற்றியும் ஒரு வார்த்தை. குடியேற்றச் சட்டத்தை ஏய்க்கக் கல்யாணம் செய்தால் ஐந்து வருடம் வரை சிறை, 250,000 டாலர் வரை அபராதம். அப்படி என்று முடிவானவருக்காக பிற்பாடு உண்மையாகவே கட்டிக்கொண்டவர் மனுப் போட்டாலும் ஏற்க மாட்டார்கள்.

அனுப்பிய பிறகு

சில வாரத்தில் ரசீதுக் கடிதம் வரும். அது வெறும் ரசீது அல்ல. கார்டின் காலாவதித் தேதியிலிருந்து 48 மாதத்துக்கு உங்கள் வசிப்புரிமை நீள்கிறது என்று அதில் எழுதியிருக்கும். 2023 ஜனவரி முதல் இந்தக் கால அளவு நடப்பில் இருக்கிறது. வேலையிடத்தில், ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்குமிடத்தில், விமான நிலையத்தில் பழைய கார்டையும் இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஊருக்குப் போகும்போது அசல் கடிதத்தைக் கைப்பையில் வையுங்கள். சென்னையில் செக்-இன் கவுண்டரில் இருப்பவர் முதலில் பார்ப்பது கார்டில் உள்ள தேதியைத்தான். பதறாமல் கடிதத்தை நீட்டுங்கள். தொலைந்துவிட்டால் யூஎஸ்சிஐஎஸ் தொடர்பு மையத்தில் கேட்டு பாஸ்போர்ட்டில், வசிப்புரிமைக்குத் தற்காலிகச் சான்றான ஐ-551 முத்திரை வாங்கலாம்.

அப்புறம் கைரேகைக்கு அழைப்பு வரும். சிலருக்குப் பழைய கைரேகையையே பயன்படுத்திக்கொள்வார்கள். அதற்குப் பிறகு நீண்ட காத்திருப்பு, ஒரு வருடம் இரண்டு வருடம் என்று போகலாம். நடுவில் வீடு மாறினால் 10 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம், நிராகரித்துவிட்டார்கள் என்று பொருளில்லை. அதில் உள்ள கெடுவுக்குள், கேட்டதை முழுமையாக ஒரே தடவையில் அனுப்புங்கள். ஆதாரம் பலமாக இருந்தால் நேர்காணல் இல்லாமலே முடிக்கலாம். கூப்பிட்டால் சேர்ந்து போட்டவர்கள் இருவரும் போக வேண்டும்.

நிராகரித்தாலும் அன்றே பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை. வழக்கு குடியேற்ற நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நீதிபதி மனுவை மறுபடி பார்ப்பார். சேர்ந்து போட்ட மனுவானால், உங்கள் கல்யாணத்தில் குறை இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு அரசாங்கத்துடையது. அந்த நிலையில் வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள்.

துணை அமெரிக்கக் குடிமகனாக இருந்து, அவரோடு சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தால் வசிப்பாளராகி மூன்று வருடத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் 90 நாள் முன்னதாகவே என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்தைப் போட அனுமதி உண்டு. ஐ-751 அப்போது முடியாமல் கிடந்தாலும் தடையில்லை. இரண்டையும் ஒரே நேர்காணலில் பார்த்து முடிப்பது சகஜம். நிபந்தனை மனு முதலில் தீராமல் குடியுரிமை கிடைக்காது, அவ்வளவுதான்.

தங்கைக்குப் புதுக் கார்டு வந்துவிட்டது. உறையைப் பிரித்ததும் பெயரின் எழுத்துகளைச் சரிபார்க்கச் சொன்னேன். அப்புறம் எந்தத் தேதியிலிருந்து வசிப்பாளர் என்று போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். “அதே பழைய தேதிதான் அக்கா, ஏர்போர்ட்ல இறங்கின நாள்” என்றாள். அப்படித்தான் இருக்க வேண்டும். நிபந்தனையோடு கழிந்த காலம் முழுவதும் கணக்கில் சேர்ந்துவிட்டது.